காக்காவுக்கு வைத்த சோறு

அம்மா சாப்பிட உட்காரும் முன்னால் ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவார். தொழுச் சுவரின் மேல் அதை வைத்துவிட்டு, "கா... கா..." என்று இரண்டு குரல் கொடுப்பார். அமாவாசைக்கு மட்டும் இருந்த பழக்கம், அப்பா இறந்த பிறகு தினசரி ஆகிவிட்டது. ஒரு கால் லேசாக வளைந்த காகம் ஒன்று தவறாமல் வரும். "உங்க அப்பாவுக்கும் அந்தக் கால்தான நோவும்" என்பார் அம்மா. நான் மறுத்துப் பேசியதில்லை.

காகம் கொத்தும்போது பாதிச் சோறு சுவருக்குக் கீழே சிந்தும். அதற்காகவே காத்திருந்த மாதிரி எங்கள் வீட்டுக் கோழிகள் ஓடி வந்து பொறுக்கும். மேலே காகம், கீழே கோழி. பல வருஷம் நான் சிரித்தபடி பார்த்த காட்சி அது. 2019 தை மாதத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்க முடியவில்லை.

கோழிதான் கைக்காசு

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும், பெய்யாவிட்டால் பட்டாசு ஆலை. அம்மா முப்பது வருஷம் ஆலைக்குப் போனவர். சரம் பின்னுவதில் அவர் கை வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வார்களாம். காலை வேனில் போனால் பொழுது சாயும் நேரம்தான் திரும்புவார். வாரச் சம்பளம் சனிக்கிழமை வரும், திங்கட்கிழமை தீர்ந்துவிடும்.

மிச்ச நாளுக்குக் கோழிதான். எங்களிடம் இருந்தது எல்லாமே சிறுவிடை. அதற்கென்று தனித் தீவனம் கிடையாது. குப்பையைக் கிளறும், கரையானைத் தின்னும், ராத்திரி தொழுவில் அடையும். முட்டை விற்ற காசில் எனக்கு நோட்டு வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணம் கட்டிய அன்று ஒரு வெடைக்கோழி குறைந்திருந்தது. அம்மா அடை வைக்கும்போது கூடையில் முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டு, கரித் துண்டு, காய்ந்த மிளகாய் வைப்பார். இடிச் சத்தத்துக்கு முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்க எல்லா ஊரிலும் செய்வதுதான். "நம்ம ஊர்ல இடிக்கு மட்டுமா பயம்?" என்று அம்மா ஒரு மிளகாயைக் கூடுதலாகவே போடுவார்.

படித்து முடித்து, சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே. அம்மா ஊரில் தனியாக இருந்தார். கூட அவருடைய கோழிகள்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது. தீபாவளி முடிந்ததும் வழக்கமாக விடும் லீவு, அந்த வருஷம் முடியவே இல்லை. நவம்பரில் மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. மற்றவர்களுக்காவது வேறு வேலை இருந்தது. சரம் பின்னுவதைத் தவிர வேறு எதுவும் பழகாத அம்மாவுக்கு, அந்தச் சரமே கூடாது என்று ஆகிவிட்டது.

நான் பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். "கோழி இருக்குல்ல" என்பார். அப்போது பெரிய கோழி பதினான்கு, அதில் குலசாமிக்கு நேர்ந்துவிட்ட ஒரு சேவல். குஞ்சு இருபத்திரண்டு. அம்மா பணம் வாங்காததால், பொங்கலுக்கு முதல் நாள் நான் வேறு ஒரு வழி பிடித்தேன். டி.வி.எஸ். 50-யில் இரண்டு பக்கமும் கூடை கட்டி வரும் வியாபாரியிடம் முட்டையிடும் பருவத்தில் இரண்டு பெட்டைகள் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்து, "நல்ல வெடை" என்று அன்றைக்கு சாயங்காலமே மற்ற கோழிகளோடு விட்டார்.

கோழி தூங்குது

நான் கொண்டுபோன பெட்டைகளில் ஒன்று நான்காம் நாள் செத்தது. "வண்டியில வந்த அசதி" என்றார் அம்மா. அதற்கு இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"கருப்பி தூங்குதுத்தா."

ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கோழி பகலில் இறக்கையைத் தொங்கப்போட்டு, தலையைக் கவிழ்த்து நின்றால் 'தூங்குது' என்போம். பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல்.

மறுநாள் நான் போவதற்குள் குஞ்சுகளில் பாதி போயிருந்தன. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு எல்லாம் அரைத்து அம்மா உருண்டை பிடித்துக் கொடுத்திருந்தார். அவர் கை முழுக்க மஞ்சள் கறை.

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தெரு முனையில ஒரு காக்கா செத்துக் கிடந்துச்சு மதினி. அதுதான் கொண்டாந்துருக்கு" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. கண்மாயில் கால்வாசித் தண்ணீர் கிடந்தது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இறங்கியிருந்தன. அவற்றின் எச்சம் கரையெல்லாம் வெள்ளையடித்திருந்தது. எங்கள் கோழிகள் மேயப் போவது அந்தக் கரைக்குத்தான். வீட்டிலோ தினமும் காகத்தோடு ஒரே சோறு.

"இனிமே சுவருல சோறு வைக்காதம்மா" என்றேன்.

"உங்க அப்பாவுக்குப் போடுறத நிறுத்தச் சொல்றியா?"

"கோழி முக்கியமா, காக்கா முக்கியமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. அன்று மதியம் சோற்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வரை போய், திரும்பி வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

டாக்டர் கேட்ட கேள்வி

சாயங்காலம் செத்த கோழி ஒன்றைப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு, அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என் வயதுப் பெண். கோழியின் வயிற்றைக் கிழித்து, இரைப்பைக்குள் ரத்தப் புள்ளிகளைக் காட்டினார்.

"ராணிக்கெட். வெள்ளைக்கழிச்சல்னு நீங்க சொல்றதுதான். வந்த பிறகு இதுக்கு மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் முடியும்."

"காக்காவாலதான வந்துச்சு?" என்றேன். தெரு முனையில் செத்த காகத்தைப் பற்றியும் சொன்னேன்.

"எங்க கிடந்துச்சு?"

"டிரான்ஸ்பார்மருக்குக் கீழ."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப அது கரண்ட் அடிச்சுக்கூடச் செத்திருக்கலாம்." பிறகு கேட்டார், "வீட்டுக்குப் புதுசா கோழி எதுவும் வந்துச்சா?"

"இல்ல டாக்டரம்மா" என்றார் அம்மா, சட்டென்று.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாள்கூடப் பொய் சொல்லிப் பார்த்திராத முகம், எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்துச்சு டாக்டர். நான்தான் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு. அதுல ஒண்ணுதான் முதல்ல செத்துச்சு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. நோய்க்கிருமி உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம், பெரும்பாலும் ஐந்தாறு நாள் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாபாரியின் கூடையில் பத்து வீட்டுக் கோழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

"அப்ப காக்கா மேல தப்பு இல்லையா?" அம்மாவின் கேள்வி. குரலில் ஒரு ஆவல்.

"இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா" என்று ஆரம்பித்து டாக்டர் சொன்னதை, அன்று இரவு நான் அச்சகத்து டைரியில் எழுதி வைத்தேன். சுருக்கம் இதுதான்.

காட்டுப் பறவை கோழிக்கு நோய் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று, அதற்கே நோய் இருப்பது. புறாவுக்கு இதே குடும்பத்துக் கிருமி வரும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். அதன் எச்சம் விழுந்த தானியத்தைக் கோழி தின்றால் கோழிக்கும் வரலாம். நீர்ப்பறவைகள், முக்கியமாக வாத்து இனங்கள், சில கிருமிகளைத் தங்களுக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்து திரியும். இரண்டாவது வழி, வெறும் சுமைக்கூலி. நோயுள்ள வீட்டில் தானியம் பொறுக்கிய சிட்டுக்குருவியோ மைனாவோ காகமோ, காலிலும் அலகிலும் ஒட்டியதை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைக்கும். கோழிப்பேன், உண்ணி போன்றவையும் இப்படி இறகோடு வந்து இறங்கும்.

"ஆனா அந்தச் சுமைக்கூலி வேலையை நம்ம செருப்பும் செய்யுது, சைக்கிள் டயரும் செய்யுது, சந்தைக் கூடையும் செய்யுது. குருவி கொண்டாறதைவிட மனுஷன் கொண்டாறதுதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி" என்றார் டாக்டர். அதோடு இன்னொன்றும் கேட்டார். "செத்த கோழியை என்ன பண்ணுறீங்க?"

அம்மா எங்கள் கோழிகளைப் புதைத்திருந்தார். ஆனால் தெருவில் பாதிப் பேர் கண்மாய்க் கரையில் வீசுவதுதான் வழக்கம். நாய் இழுக்கும், பருந்து தூக்கும், காகம் கொத்தும்.

"அப்ப காக்கா கொண்டாறது யாரு கொடுத்ததும்மா? நாம கொடுத்ததுதான. கோழிகிட்ட இருந்தும் பறவைக்கு நோய் போகும். நாம அதை மட்டும் பேசுறதே இல்ல."

அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "எங்க ஆலையில ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் இடைவெளி விட்டுத்தான் கட்டுவாங்க டாக்டரம்மா. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாது. மருந்து கலக்குற இடம் தனியா, தூரமா இருக்கும். ஒண்ணுல பத்துனா இன்னொண்ணுக்குத் தாவக் கூடாதுன்னு. அது மாதிரியா?"

"அதேதாம்மா. காக்காவுக்குச் சோறு வைங்க. கோழி வாய் வைக்காத இடத்துல வைங்க. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தட்டினார். "நீ எதுக்குத்தா உண்மையச் சொன்ன? நம்ம கோழிதான போச்சு, நான் என்ன கேஸா போடப்போறேன்?"

வியாபாரி வந்தார்

அதற்கு மறுநாள் காலையில் வேறொரு கூடைக்காரர் வந்தார். எந்தத் தெருவில் சீக்கு என்பது இவர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ. அப்போது குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரிய கோழியில் ஒன்பது நின்றுகொண்டிருந்தன.

"தூங்குறதுக்கு முன்னாடி கொடுத்துருங்க பெரியம்மா. ஒண்ணு நூத்தம்பது. அப்புறம் மண்ணுக்குத்தான் போகும்."

ஆயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். ஆலை மூடி மூன்றாவது மாதம். அரிசிப் பானையின் அடி எனக்குத் தெரியும். கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வெட்டி நன்றாக வேகவைத்துத் தின்பவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். கோழியைக் கையாளுபவர்களுக்குச் சில நேரம் கண் உறுத்தும், அவ்வளவுதான்.

அம்மா கேட்டார். "எல்லாத்தையும் கறிக்கடைக்கா போடுவ?"

"நல்லா நிக்குறத வளர்க்குறதுக்குக் கேப்பாங்க பெரியம்மா. அதுக்கு நல்ல வெலை."

அம்மா பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். "அப்ப வேணாம்யா. எம்மக வாங்கியாந்தது இப்பிடி ஒருத்தி வித்ததுதான். எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வேணாம்."

அந்த ஒன்பதில் ஐந்து செத்தன. நான்கு பிழைத்தன. பிழைத்ததில் குலசாமிச் சேவலும் உண்டு, கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்தபடி. செத்தவற்றை மூன்றடி குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் மண்வெட்டியைக் கேட்டபோது கொடுக்கவில்லை.

எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது, அந்தக் கிருமி என் கூடையில் வந்ததா, கண்மாயில் இருந்து வந்ததா என்று. ஆனால், என் கையில் இருந்த கூடையைப் பார்க்காமல் சுவர் மேல் இருந்த காகத்தைப் பார்த்தேன் என்பது உறுதி.

நூறு கோழிக்கு ஒரு குப்பி

இந்த நோய்க்கு இந்தியாவில் ராணிக்கெட் என்ற பெயர் வந்தது, 1927-ல் இமயமலை அடிவாரக் குமாவுன் பகுதியில் உள்ள ராணிக்கெட்டில் அது கண்டறியப்பட்டதால். அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் இதே நோயைப் பார்த்தார்கள். ராணிக்கெட்டுக்குப் பக்கத்து மலையில் இருக்கும் முக்தேஸ்வரின் பெயரைத்தான், இன்று இறக்கைக்கு அடியில் போடும் ஊசி மருந்தின் கிருமி ரகமும் தாங்கியிருக்கிறது. நோய்க்கும் தடுப்புக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை. எங்கள் தெருவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

காரணம் எளிது. தடுப்பு மருந்து வரும் குப்பி நூறு கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை குளிர் குறையக் கூடாது. பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருத்தி, பிரிட்ஜ் இல்லாத வீட்டில், விருதுநகர் வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சலுக்கு இரண்டு வார இலவச முகாம் நடத்துகிறது. ஆலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த நாளில் லீவு போட்டால் சம்பளம் போகும். எங்கள் கோழிகள் செத்தது முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால். அதற்கு முந்தைய வருஷ முகாமுக்கு அம்மா போகவில்லை. சரம் பின்னிக்கொண்டிருந்தார்.

அந்த பிப்ரவரியில் ஆலை இல்லை. அம்மாவுக்கு நேரம் இருந்தது. வீடு வீடாகப் போனார். பதினோரு வீட்டில் எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்று நாலு கோழி. ஒரு குப்பிக்குச் சரியான கணக்கு. முகாமுக்கு வந்தவர்கள் விடிகாலையிலேயே, கூடு திறக்கும் முன்னால், எங்கள் தெருவுக்கு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சாரத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கவும், போட்டதை எண்ணவும் அம்மாதான் நின்றார்.

அதன் பிறகு பொரிக்கும் குஞ்சுகளுக்கு மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. முன்பு ஆலைக்கு டீ கொண்டுபோன பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு அம்மா வாங்கி வருவார். பதினோரு வீட்டிலும் அடை வைக்கும் நாளை ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள், குஞ்சுகளுக்கு ஒரே நாளில் போட வேண்டும் என்பதற்காக. வெப்பத்தைத் தாங்கி, தீவனத்தோடு கொடுக்கக்கூடிய குருணை மருந்தும் உண்டு. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. உங்கள் ஊர் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் வெடிமருந்துதான். "இத்தன வருஷம் அந்த மருந்து. இப்ப இந்த மருந்து" என்று அம்மா சிரிப்பார். மார்ச் மாதம் ஆலை திறந்தது. அம்மா வேறு பிரிவில் தாள் சுற்றப் போனார்.

மாடியில் ஒரு தட்டு

2021 ஜனவரியில் டி.வி. முழுக்கப் பறவைக் காய்ச்சல். கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகள். ராஜஸ்தானில் காகங்கள். இமாசலப் பிரதேசத்தின் பாங் அணையில் கூட்டம் கூட்டமாக வரித்தலை வாத்துகள் செத்து மிதந்தன. அதே இனம்தான் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி நம் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. தமிழ்நாட்டு எல்லைச் சாவடிகளில் கேரள வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் மறுபடியும்.

அம்மா பயந்து போன் செய்தார். டாக்டரிடம் கேட்டுச் சொன்னேன். இது வேறு நோய். ராணிக்கெட்டைப் போல இல்லை, மனிதருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் வந்தால் மாதிரியைப் போபால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை எல்லாம் கொன்று புதைப்பார்கள். அதனால்தான், ஒரே இடத்தில் பல காகமோ கொக்கோ செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிட வேண்டும். மறைத்தால் ஊருக்கே நஷ்டம். நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் பயம் இல்லை.

"அப்ப கண்மாய்க்கு வர்ற கொக்க எல்லாம் வெடி போட்டு வெரட்டிரலாம்" என்று தெருவில் சிலர் கிளம்பினார்கள். எங்கள் ஊரில் வெடிக்கா பஞ்சம்? அம்மாதான் தடுத்தார். "வெரட்டுனா அடுத்த ஊர் கண்மாய்க்குப் போகும். அங்க ஒருத்தி கோழி வளர்க்க மாட்டாளா?"

டாக்டர் சொன்னதும் அதுவே. கலைத்துவிட்டால் பறவை சும்மா போகாது, நோயையும் சேர்த்துக்கொண்டு நாலு பக்கம் போகும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று பல வருஷங்களாகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாங்கள் செய்யும் பட்டாசு போய்ச் சேராத ஊர். அதைக் கேட்டு அம்மாவுக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். "நல்ல சனங்க" என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். கோழிக்குத் தானியத்தை முற்றத்தில் இறைப்பதில்லை. தொழுவுக்குள், கொசுவலை மாதிரி நெருக்கமான வலை அடித்த பகுதியில், தட்டில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுகிறோம். குருவிக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, தினமும் கழுவி மாற்றுகிறோம். கண்மாயில் தண்ணீரும் பறவையும் இருக்கும் மாதங்களில் கோழியைக் கரைப்பக்கம் விடுவதில்லை. தொழுவுக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாசலிலேயே கிடக்கும். செத்தது எதுவானாலும் குழிதான். கைப்பக்குவ உருண்டையை அம்மா விடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தடுப்பு மருந்து.

காக்காச் சோறு மாடிக்குப் போய்விட்டது. ஒரு அலுமினியத் தட்டு, முன்பைவிடக் கொஞ்சம் குறைவான சோறு, சிந்தாத அளவுக்கு. முழங்கால் வலியோடு அம்மா படியேறுவார். "கா... கா..." என்று கூப்பிட்டு, அது தின்றுவிட்டுப் போகும்வரை நின்று, தட்டைக் கழுவி, காலையும் கழுவிக்கொண்டு இறங்குவார். கால் வளைந்த காகம் முதல் வாரம் பழைய சுவருக்கே வந்து உட்கார்ந்ததாம். பிறகு மாடியைப் பழகிவிட்டது.

போன மாதம், பல வருஷம் கழித்து, தயங்கித் தயங்கி ஒரு வெடைக்கோழி வாங்கிக்கொண்டு போனேன். அம்மா வாங்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். தொழுவுக்குக் கொண்டுபோகவில்லை. முன்வாசல் வேப்பமரத்தடியில் தனியாகப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தார். உள்ளே போய், எங்கள் அச்சகத்தில் அடித்த மாதக் காலண்டரை எடுத்து வந்து, பென்சிலால் எண்ணிக்கொண்டே போய் இருபத்தோராவது நாளில் ஒரு வட்டம் போட்டார்.

"அன்னிக்கு வா. ரெண்டு பேரும் சேர்ந்து தொறந்துவிடுவோம்" என்றார்.